முதுகு வெளுத்த அகராதி

"தம்பி, இதுக்குச் செருப்பு பாலிஷ் போட்டாப் பழைய நெறம் வந்திருமா?"

ஆச்சி கேட்டது அகராதியைப் பற்றி. பொன்னமராவதிக்குப் பக்கத்தில், முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நிற்கும் பழைய வீடு அது. நடுமுற்றமான வளவைப் பார்த்த பத்தியில் இருந்த கண்ணாடி அலமாரியிலிருந்து, பலாப்பழத்தைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திவந்து ஊஞ்சல் பலகையில் வைத்தார்கள். வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி, 1862இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சுக்கூடத்தில் அச்சானது. 67,000க்கும் மேற்பட்ட சொற்கள், ஆயிரத்தை நெருங்கும் பக்கங்கள். முழுத்தோல் பைண்டிங். முன்னட்டையும் பின்னட்டையும் கோவைப்பழச் சிவப்பு. முதுகு மட்டும் சுக்கு நிறத்தில் இருந்தது. ஒரே ஆட்டின் ஒரே தோல்தான். ஆனால் முதுகையும் அட்டையையும் சேர்த்துப் பார்த்தால் வேறு வேறு புத்தகத்திலிருந்து பிய்த்து ஒட்டியது மாதிரி இருந்தது.

நான் பதில் சொல்லுமுன் ஆச்சி தன் உள்ளங்கையைப் பார்த்தார்கள். செங்கல் பொடியைத் தொட்டதுபோல் ரேகையெல்லாம் சிவந்திருந்தது. "எப்ப எடுத்தாலும் இப்படித்தான் ஒட்டுது. சாயம் போகுது போல."

அது சாயமல்ல, தோல். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டைப் பற்றித்தான். புத்தகத்தின் முதுகு வெளுப்பது ஒரு நோய், உதிர்வது இன்னொரு நோய். முதலாவதைச் செய்தது வெளிச்சம், இரண்டாவதைச் செய்தது அமிலம். இரண்டும் ஒரே முதுகில் ஒரே காலத்தில் வருவதால் ஒன்றென்று நினைத்து ஒரே மருந்தைத் தடவுகிறோம். பாலிஷ் முதல் நோயை மறைக்கும், இரண்டாவதை ஒன்றும் செய்யாது.

இந்தப் பக்கத்து வீடுகளில் இப்படி ஒரு புத்தகம் இருப்பது அதிசயமில்லை. மேலைச்சிவபுரியில் 1909இல் சன்மார்க்க சபை தொடங்கியதிலிருந்து தமிழ்ப் புத்தகம் இங்கே நகைக்கு அடுத்த சொத்து. பண்டிதமணி கதிரேசச் செட்டியாரின் மகிபாலன்பட்டி கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். வ.சுப. மாணிக்கம் பிறந்தது மேலைச்சிவபுரியில். கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை, அவர் 1992இல் மறைந்தபின், சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஞானாலயா இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் ஒரு லட்சத்துக்கும் மேலான நூல்களை வீட்டோடு வீடாக வைத்துக் காத்தார்கள். இவற்றிலெல்லாம் தோல் கட்டு மிகக் குறைவு. தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் காலிக்கோ துணியிலும், பிற்பாடு ரெக்சினிலும் உடுத்திக்கொண்டது. தோல் போர்த்தியவை அகராதி, வேதாகமம், வக்கீல் வீட்டுத் தீர்ப்புத் தொகுதிகள், யாருக்காவது பரிசாகக் கொடுத்த பிரதி என்று சில வகைதான். குறைவாக இருப்பதால்தான் அவற்றைத் தொடுமுன் நிதானம் வேண்டும்.

வெளுத்த கதையை முதலில் பார்க்கலாம், அது எளிது.

செட்டிநாட்டு வீட்டைக் கட்டியவர்கள் வெயிலை வாசலோடு நிறுத்திவிட்டு, வெளிச்சத்தை வளவு வழியாக உள்ளே இறக்கினார்கள். மனிதருக்கு அது சுகம். பத்தியில் நிற்கும் அலமாரிக்கு அது தினமும் காலையிலிருந்து மாலைவரை தொடரும் விசாரணை. நான் கைப்பேசியில் வெளிச்சமானி செயலியைத் திறந்து அலமாரிக் கண்ணாடியருகே பிடித்தேன். முற்பகல் பதினோரு மணிக்கு 1,800 லக்ஸ் காட்டியது. இந்தச் செயலிகளைத் தராசுபோல் நம்பக்கூடாது என்றாலும் ஓர் அளவு கிடைக்கும். திறந்த வெளியில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும், அதோடு பார்த்தால் 1,800 நிழல்தான். ஆனால் அருங்காட்சியகங்கள் சாயமேற்றிய தோலுக்கும் துணிக்கும் வைத்திருக்கும் வரம்பு 50 லக்ஸ். வெளிச்சத்தின் கணக்கு வட்டிக் கணக்கு மாதிரி: அளவையும் நேரத்தையும் பெருக்கவேண்டும். 50 லக்ஸில் முப்பத்தாறு ஆண்டு வாங்கவேண்டிய அடியை இந்த முதுகு ஒரே ஆண்டில் வாங்கியிருக்கிறது.

சாயத்தின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சங்கிலிபோல் தொடர்ந்து வரும். அந்தத் தொடர்ச்சிதான் வெளிச்சத்தில் ஒரு பகுதியை உறிஞ்சி மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வருவதை நாம் சிவப்பு என்கிறோம். ஊதாவும் புறஊதாவும் ஆற்றல் மிகுந்த கதிர்கள். அவை ஆக்சிஜனின் துணையோடு சங்கிலியை எங்கோ ஓரிடத்தில் அறுத்துவிட்டால் அந்த மூலக்கூறு அங்கேயே இருக்கும், நிறம் மட்டும் இருக்காது. போன நிறம் தோலுக்குள் எங்கும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. எண்ணெய் தடவினால் "உள்ளேயிருந்து மேலே வரும்" என்று பலரும் நம்புகிறார்கள். வருவது நிறமல்ல, ஈரம். நனைந்த துணி கருத்துத் தெரிவதுபோல் தோலும் தெரிகிறது, அவ்வளவே. 1856இல் செயற்கைச் சாயங்கள் பிறந்தபின் வந்த பல பளிச்சென்ற சிவப்புகளும் ஊதாக்களும் வெளிச்சத்துக்கு மிகவும் பயந்தவை. சாயம் போனபின் மிஞ்சுவது பதனிட்ட தோலின் சொந்தப் பழுப்பு. அதனால்தான் பச்சை முதுகும் சிவப்பு முதுகும் ஊதா முதுகும் கடைசியில் ஒரே சுக்கு நிறத்துக்கு வந்து சேர்கின்றன.

ஆச்சி வீட்டில் இதற்கு ஒரு சாட்சியும் இருந்தது. சன்னலுக்கு மேல் அரைவட்டத்தில் சிவப்புக் கண்ணாடி பதித்த அறையில் இன்னொரு அலமாரி. அதிலிருந்த தோல் புத்தகங்கள் அவ்வளவாக வெளுக்கவில்லை. சிவப்புக் கண்ணாடி நீலத்தையும் ஊதாவையும் உள்ளே விடுவதில்லை. அழகுக்காக வைத்ததுதான், காவலாளி வேலையும் பார்த்திருக்கிறது.

உதிரும் கதை இவ்வளவு எளிதல்ல. அதற்கு ஆட்டிலிருந்தே தொடங்கவேண்டும்.

தோல் என்பது கொலாஜன் என்ற புரதத்தின் நெசவு. மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிறு. தடிமன் ஒன்றரை நானோமீட்டர், நீளம் 300 நானோமீட்டர். கோடிக்கணக்கான இந்தக் கயிறுகள் சேர்ந்து நார்களாகி, நார்கள் குறுக்கும் நெடுக்கும் பின்னிக்கொண்டால் தோல். மூன்று இழை என்ற உண்மையை உலகத்துக்குச் சொன்னது சென்னை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி.என். ராமச்சந்திரன், பார்க்க வந்த பெர்னால் என்ற அறிஞர் கொலாஜனின் வடிவம் இன்னும் தீராத சிக்கல் என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வளாகமே 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாரை வாங்கிவந்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, 1954இல் நேச்சர் இதழில் மூவிழைக் கயிற்றை அறிவித்தார். தோல் ஷாப்புகளுக்குப் பேர்போன மாநிலத்தில் தோலின் அடிப்படைச் சூத்திரமும் பிறந்தது தற்செயல்தான் என்றாலும் எனக்கு அதில் ஒரு திருப்தி.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும், காய்ந்தால் பறைத்தோல்போல் விறைக்கும். அந்தக் கயிறுகளுக்கு நடுவே டானின் என்ற துவர்ப்புப் பொருளைப் புகுத்துவதுதான் பதனிடுதல். டானின் மூலக்கூறுகள் கயிற்றுக்குக் கயிறு பாலம் போட்டு, தண்ணீரையும் பாக்டீரியாவையும் வெளியே நிறுத்துகின்றன. வெற்றிலைப்பாக்கு போடும்போது நாக்கு சுருங்குகிறதே, அதுவும் இதே வேலைதான், எச்சிலின் புரதத்தோடு.

தமிழ்நாட்டுக்குத் துவர்ப்பு இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று கடுக்காய். மற்றது, பொன்னமராவதியைச் சுற்றிய பொட்டல்காடெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியின் பட்டை. இரண்டும் தோலைப் பதனிடும், ஆனால் வேதியியலில் இரண்டும் பங்காளிகள்கூட அல்ல. கடுக்காயின் டானின், ஒரு சர்க்கரையைச் சுற்றிக் காலிக் அமிலம் போன்ற துண்டுகள் ஒட்டிய அமைப்பு. அமிலமும் நீரும் சேர்ந்தால் துண்டு துண்டாகக் கழன்றுவிடும். ஆவாரம்பட்டையின் டானின், கரியோடு கரி நேரடியாகப் பிணைந்த சங்கிலி. கழலவே கழலாது. முதல் பார்வைக்கு ஆவாரைதான் கெட்டி என்று தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தோல் வியாபாரமும் அப்படித்தான் நினைத்தது. ஆவாரையில் பதனிட்ட சென்னை ஆட்டுத்தோல் சீக்கிரம் தயாராகும், விலை மலிவு, பார்வைக்கு வெளிர் நிறம், எந்தச் சாயத்தையும் ஏற்கும். கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போயிற்று. அங்கே பைண்டர்கள் அதற்கு "பெர்ஷியன்" என்று பேர் வைத்து வாங்கினார்கள். பாரசீகத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

லண்டன் நூலகங்களில் தோல் உதிர ஆரம்பித்தது அதற்கும் முன்பே. 1840களில் அத்தினியம் என்ற கனவான்கள் மன்றத்தின் நூலகத்தில் நாற்காலித் தோலும் புத்தகத் தோலும் கெட்டுப்போவதை ஆராயக் கூப்பிட்டது மைக்கேல் ஃபாரடேயை. மின்சாரத்தின் தந்தையை இதற்கா என்று கேட்கவேண்டாம். ஃபாரடே 1805இல், 14 வயதில், ஜார்ஜ் ரீபோ என்ற பைண்டரிடம் வேலை கற்கச் சேர்ந்து ஏழு ஆண்டு புத்தகம் தைத்தவர். படிக்கக் கற்ற அறிவியலையே தைத்த புத்தகங்களிலிருந்துதான் கற்றார். அவர் கண்டுபிடித்த குற்றவாளி மேலே எரிந்த நிலக்கரிவாயு விளக்கு. அந்த வாயுவில் இருந்த கந்தகம் எரிந்து கந்தக டையாக்சைடாகி, தோலுக்குள் ஊறி, ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகியது. விளக்குப் புகையைக் குழாய் வைத்து வெளியேற்ற ஏற்பாடு செய்து கொடுத்தார்.

ஆனால் ஒரே அறையில், ஒரே விளக்கின் கீழ், சில கட்டுகள் உதிர்ந்தன, சில நூறாண்டு கடந்தும் நின்றன. அந்தப் புதிரை எடுத்துக்கொண்டது 1900இல் லண்டன் கலைக்கழகம் அமைத்த குழு. பைண்டர்கள், வேதியியலாளர்கள், நூலகர்கள் சேர்ந்து பார்த்து, 1905இல் முழு அறிக்கையை வெளியிட்டார்கள். முடிவு நமக்குக் கசப்பு. இந்தியாவிலிருந்து வந்த "பெர்ஷியன்" ஆட்டுத்தோல்தான் மிக மோசம். ஓராண்டுக்குள்ளேயே சீரழிவு தெரிகிறது, வெயிலோ வாயுவிளக்கோ படும் அலமாரியில் ஐந்தாறு ஆண்டுக்கு மேல் தாங்காது என்று எழுதிவிட்டார்கள். சுமாக் இலையில் பதனிட்ட தோல் நல்லது என்றார்கள். சுமாக்கின் டானின் நம் கடுக்காய் வகையைச் சேர்ந்தது.

கெட்டியான சங்கிலி ஏன் தோற்றது? கழலாத டானின் கந்தகப் புகையை அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. வெளிச்சத்திலும் காற்றிலும் தானும் ஆக்சிஜனேற்றமடைந்து, செம்மண் நிறப் பிசினாக மாறுகிறது. கடுக்காய் வகையில் டானினோடு கூடவே வரும் உப்புகள் அமிலத்தைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கின்றன. கழன்றுவிழும் துண்டுகளும் அடியைத் தங்கள்மேல் வாங்கிக்கொள்கின்றன. ஆவாரைத் தோலில் அந்தத் தாங்கல் இல்லை, அமிலம் நேராகக் கொலாஜன் கயிற்றையே வெட்டுகிறது. நல்ல தோலின் அமிலநிலை pH அளவில் 3.5க்கும் 5க்கும் நடுவில் இருக்கும். 3க்குக் கீழே போய்விட்டால் நார்கள் கயிறாக இருப்பதை விட்டுவிட்டுப் பொடியாகும். ஆச்சியின் உள்ளங்கையில் ஒட்டிய சிவப்பு அதுதான். உலகம் முழுக்கப் புத்தகம் பேணுவோர் இதை ரெட் ராட் என்கிறார்கள். ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு இல்லை என்பது நம் பழமொழி. மனிதருக்குச் சொன்னது, புத்தகத்துக்கு இல்லைபோல.

பழியை முழுக்க ஆவாரைமேல் போடுவதும் நியாயமில்லை. அந்தக் காலத்துச் சாயப்பட்டறைகள், நிறம் பளிச்சென்று ஒட்டவேண்டும் என்று சாயத் தொட்டியிலேயே கந்தக அமிலத்தை ஊற்றின. வாடிக்கையாளருக்குப் பிடித்த அந்தச் சிவப்பே பாதி நஞ்சு. பிறகு வீடு. பொன்னமராவதியில் வாயுவிளக்கு கிடையாது, ஆனால் அரிக்கேன் விளக்கின் மண்ணெண்ணெயிலும் கந்தகம் உண்டு. கல்யாணத்துக்குக் கல்யாணம் முகப்பில் வெடித்த சரவெடியிலும் உண்டு. இதற்குமேல் கத்திரி வெயில். வெப்பம் பத்துப் பாகை ஏறினால் வேதிவினை ஏறக்குறைய இரட்டை வேகத்தில் ஓடும் என்பது ஒரு கைக்கணக்கு. லண்டன் குளிரில் இருபது ஆண்டில் நடப்பது இங்கே எத்தனை ஆண்டில் நடக்கும் என்று போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆச்சியின் அகராதி எந்த வகை என்று தெரிந்துகொள்ள, உதிர்ந்த பொடியில் ஒரு சிட்டிகையைக் கல்லூரியில் வேதியியல் நடத்தும் நண்பரிடம் கொண்டுபோனேன். வனிலின் கரைசலில் ஒரு சொட்டு, பிறகு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு. ஐஸ்கிரீமுக்கு மணம் கொடுக்கும் அதே வனிலின்தான். நார் ரத்தச் சிவப்பானது. கழலாத வகை. கடுக்காய் மட்டும் ஊட்டிய தோலாக இருந்திருந்தால் இப்படிச் சிவந்திருக்காது.

இனி மருந்து. முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்திருக்கிறேன்.

இருபது வயதில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு தோல் கட்டுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்தேன். அன்று மாலை அது மணப்பெண்போல் மின்னியது. மார்கழியில் ஒருநாள் பார்த்தால் முதுகெல்லாம் வெள்ளை. பூஞ்சை என்று பதறி டெட்டால் தேடினேன். பூஞ்சையில்லை, தேங்காயெண்ணெய் 24 பாகை அளவில் உறையும் பொருள், பனிக்காலக் காலையில் தோலின் மேற்பரப்பில் உறைந்து பூத்திருந்தது. துடைத்தேன். அடுத்த கோடையில் எண்ணெய் உள்ளே இறங்கி முதல் பத்துப் பக்கத்தில் வடைத்தாள் மாதிரி வட்டம் போட்டிருந்தது. தூசி ஒட்டியது, கரப்பான் வந்தது. தோல் மட்டும் உதிர்வதை நிறுத்தவில்லை.

இதில் எனக்குத் துணைக்குப் பெரிய ஆட்கள் உண்டு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியமே கம்பளிக் கொழுப்பு, தேன்மெழுகு, தேவதாரு எண்ணெய் கலந்த ஒரு பூச்சைப் பல காலம் பயன்படுத்தி உலகத்துக்கே கற்றுக்கொடுத்தது. பிறகுதான் நூலகங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. எண்ணெய் தோலை வளையவைக்கும், அமிலத்தை ஒன்றும் செய்யாது. ஒடிந்த எலும்புக்குத் தைலம் தேய்ப்பது மாதிரி. ஆச்சி கேட்ட பாலிஷும் மெழுகு, கரைப்பான், சாயம் மூன்றும் சேர்ந்ததுதான். கரைப்பான் பறந்தபின் சாயம் பக்கத்துப் புத்தகத்துக்கும் படிக்கிறவர் விரலுக்கும் போய்ச் சேரும்.

எண்ணெயைவிட ஆபத்து தண்ணீர். நனைந்த கொலாஜனை மெல்லச் சூடாக்கினால் ஒரு வெப்பநிலையில் மூவிழைக் கயிறு முறுக்கவிழ்ந்து சட்டென்று சுருங்கும். நல்ல பதனிட்ட தோலுக்கு அது 75 பாகைக்கு மேல். ரெட் ராட் பிடித்த தோலில் அது இறங்கி இறங்கி, முற்றிய நிலையில் அறை வெப்பத்துக்கே வந்துவிடும். ஒரு சொட்டு நீர், ஒரு விரல் மைதாப் பசை, அதோடு ஒரு சித்திரை மதியம் போதும்: பட்ட இடம் கருத்து, சுருங்கி, பிசின்போல் விறைத்துவிடும். எந்த வித்தையாலும் திருப்ப முடியாது. ஊர் பைண்டர்கள் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது உண்டு. ராமபாணப் பூச்சிக்கு அது சரியான பதில்தான், ஆனால் மயில்துத்தத்தின் தாமிரம் ஆக்சிஜனேற்றத்தை முடுக்கும். உயிர் ஊசலாடும் தோலுக்கு அது வேண்டாம். இரும்பும் கூடாது. கடுக்காயும் இரும்பும் சேர்த்துத்தானே நம் தாத்தாக்கள் மை காய்ச்சினார்கள்? எந்த டானினும் இரும்பைக் கண்டால் கருக்கும். துருப்பிடித்த கத்தி, கிணற்றுநீர்த் துணி, குண்டூசி எல்லாம் தோலில் மையெழுத்து எழுதிவிடும்.

சரி, செய்யவேண்டியது என்ன? பொடி உதிர்வதை நிறுத்தவேண்டும், அதுவும் தண்ணீர் இல்லாமல். அதற்கு உலகத்து நூலகங்கள் எடுத்துக்கொண்டது ஹைட்ராக்ஸிபுரோப்பைல் செல்லுலோஸ் என்ற வெள்ளைப் பொடி. க்ளூசெல் ஜி என்ற பேரில் விற்கிறது. மாத்திரை செய்வோர் பயன்படுத்தும் பொருள்தான், பஞ்சின் செல்லுலோஸைக் கொஞ்சம் மாற்றி ஆல்கஹாலில் கரையும்படி செய்தது. ஒரு லிட்டர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு 10 முதல் 20 கிராம். கரைய ஓர் இரவு ஆகும், கஞ்சித்தெளிவுபோல் வரும். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் வைத்திருக்கும் கைகழுவும் திரவத்தை இதற்கு எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது, அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கின்றன.

ஆச்சி வீட்டில் இரண்டு நாள் ஆயிற்று. முதல் நாள் தூரிகை மட்டும். மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகையால் முதுகின் மேலிருந்து கீழாக, அழுத்தாமல். பழைய நூலகப் புத்தகங்களில் பூச்சிமருந்துப் பொடி தூவியிருப்பார்கள், ஆகவே முகத்துக்குத் துணி கட்டிக்கொள்வது நல்லது. மரகதப் பச்சைத் துணி அட்டை போட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தகம் எதிர்ப்பட்டால் கையுறையும் வேண்டும். அமெரிக்காவின் வின்டர்தூர் அருங்காட்சியகம் 2019இலிருந்து அப்படிப்பட்ட அட்டைகளைச் சோதித்து, அந்தப் பச்சையில் பாஷாணம் இருப்பதைக் காட்டிவருகிறது.

இரண்டாம் நாள் முதலில் ஒரு மூலையில் பஞ்சுமுனையை ஆல்கஹாலில் தொட்டுப் பார்த்தேன். சில சாயங்கள் ஆல்கஹாலில் கரையும். பஞ்சு சிவந்தால் அங்கேயே நிறுத்தவேண்டும். மங்கலாக ஒரு கீற்றுதான் வந்தது. பிறகு க்ளூசெல், மெல்லிய பூச்சாக, தங்க எழுத்தைச் சுற்றிவிட்டு. தங்க இலையைத் தோலில் பிடித்துவைத்திருப்பது முட்டையின் வெள்ளைக்கரு. நூற்றைம்பது வயது ஆன முட்டையோடு விளையாடக்கூடாது. ஆல்கஹால் நிமிடங்களில் பறந்துவிடும், நார்களின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் தங்கும். காய்ந்தபின் இன்னொரு பூச்சு. விரலால் தடவினேன், விரல் சுத்தமாக இருந்தது. ஆச்சி தன் கையால் தடவிப் பார்த்துவிட்டு, நம்பாமல், வெள்ளை முந்தானையால் ஒருமுறை துடைத்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனையை நான் எந்த நூலிலும் படித்ததில்லை, அதைவிடக் கறாரான சோதனை இருக்க முடியாது.

அமிலம் போய்விட்டதா? இல்லை, உள்ளேயேதான் இருக்கிறது. வெட்டுப்பட்ட கயிற்றை யாராலும் மறுபடி முறுக்க முடியாது. துண்டுகளைச் சிதறவிடாமல் ஒன்றாகப் பிடித்துவைத்திருக்கிறோம், அதற்குமேல் இதில் மந்திரம் இல்லை.

முன்னட்டை முதுகோடு சேரும் மூட்டில் ஒரு விரிசல். புத்தகம் திறக்கும்போதெல்லாம் அடிவாங்கும் இடம் அது. புதுத்தோல் போட்டு முதுகையே மாற்றிக்கட்டும் வழக்கம் உண்டு, ஆனால் அதற்குப் பழைய முதுகை உரிக்கவேண்டும், இந்த முதுகு உரிபட்டால் பொடிதான் மிஞ்சும். ஜப்பானில் காகித முசுக்கட்டையின் பட்டையில் செய்யும் மெல்லிய தாள் ஒன்று இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் நார் நாராகத் தெரியும், ஆனால் கிழிக்க எளிதில் முடியாது. அதை அக்ரிலிக் வண்ணத்தில் நனைத்துக் காயவைத்து, விளிம்பைக் கத்தரிக்காமல் கையால் பிய்த்து நார் நீட்டியபடி விட்டு, மூட்டின்மேல் ஒட்டினேன். க்ளூசெல் ஏற்கெனவே தோலுக்குக் கவசமாக இருந்ததால், நீர் வற்றக் காய்ச்சிய கோதுமைப் பசையைத் தாளில் மட்டும் தடவி ஒட்ட முடிந்தது.

இங்கேதான் ஆச்சியின் முதல் கேள்வி திரும்பி வருகிறது. அந்தத் தாளுக்கு என்ன நிறம் கொடுப்பது? அட்டையின் சிவப்பா, முதுகின் பழுப்பா?

பழம்புத்தக வியாபாரத்தில் முதுகு வெளுத்த பிரதிக்கு விலை குறையும். அதனால் முதுகு முழுவதற்கும் சாயமேற்றி விற்பவர்கள் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமான் வாங்கப் போகிறவருக்குப் புது வார்னிஷின் வாசனை எப்படியோ, தோல் புத்தகம் தெரிந்தவருக்குப் புதுச்சாயமும் அப்படித்தான். தங்க எழுத்தின் ஓரத்தில் சிவப்பு வழிந்திருக்கும், தையல் மேடுகளில் நிறம் திட்டாக நிற்கும். ஆல்கஹால் சாயம் நாருக்குள் இறங்கிவிட்டால் பிறகு யாரும் அதை எடுக்க முடியாது. உதிரும் தோலில் அது கடற்பஞ்சில் மை ஊற்றியதுபோல் கருத்துவிடும். எல்லாம் சரியாக வந்தாலும், வளவின் வெளிச்சம் அங்கேயேதான் இருக்கிறது. புதுச்சாயமும் வெளுக்கும், முதலில் வெளுத்ததைவிட அசிங்கமாக.

என் கட்சி இது: வெளுத்த முதுகுக்கு நிறம் திருப்பவேண்டியதில்லை. தோல் போன இடங்களில் வெள்ளையாகத் தெரியும் திட்டுகளுக்கு மட்டும், சுற்றியிருக்கும் பழுப்போடு போகும்படி, க்ளூசெல் படலத்தின் மேல் நீர்த்த அக்ரிலிக்கை ஊசித் தூரிகையால் தொட்டு வைக்கலாம். கண் இடறாமல் போகவேண்டும், அதுதான் அளவு. பிறகு ஒருவர் வந்து வேண்டாமென்றால் படலத்தோடு எடுத்துவிடலாம். கடைசியாக நுண்படிக மெழுகு, நகக்கணு அளவு, துணியில் தொட்டு முதுகு முழுவதும் தேய்த்தால் ஒரு மங்கலான பளபளப்பு வரும். எல்லாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தோல் திடமாக இருந்து நிறம் மட்டும் போயிருந்தால், சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் புத்தகம் என்றால், சாயமேற்றுவதில் பெரிய பாவம் இல்லை என்று எனக்குத் தெரிந்த நல்ல பைண்டர் ஒருவர் வாதிடுவார். திடமான தோலைப் பொறுத்தவரை அவரோடு சண்டை போட என்னிடம் அதிகம் இல்லை. ஆச்சியின் அகராதி திடமான தோல் அல்ல.

தாளுக்குப் பழுப்பே கொடுத்தேன்.

ஆச்சிக்கு ஏமாற்றம். "சிவப்பாயிரும்னு நெனச்சேன்," என்றார்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, எதையோ தேடி, ஒரு பக்கத்தில் நிறுத்தி, ஓரத்தில் பென்சிலால் போட்டிருந்த ஒரு கோட்டைக் காட்டினார்கள். "எங்க மாமனார் போட்டது." முன்பு அந்த அகராதியைத் திறக்கவே பயந்து வைத்திருந்தார்களாம், மூட்டு விட்டுப்போகும் என்று.

அலமாரியை உள்ளறைக்கு மாற்றலாம் என்றேன். நூற்றாண்டுத் தேக்கு, நான்கு ஆள் வேண்டும், வாசல் கொள்ளாது என்றார்கள். அப்படியானால் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு திரை. அருங்காட்சியகங்களில் நீலச்சாயமிட்ட எட்டுக் கம்பளித் துண்டுகளைப் பொருளருகே வைத்திருப்பார்கள், எது எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்து வெளிச்சத்தை அளப்பார்கள் என்று சொன்னேன். ஆச்சி கேட்டுக்கொண்டே உள்ளே போய் ஒரு பழைய கண்டாங்கிச் சேலையோடு வந்தார்கள். அரக்கும் கறுப்பும் கட்டமிட்ட பருத்தி. அலமாரிக் கதவின் அளவுக்கு மடித்துப் பிடித்துப் பார்த்தார்கள்.

"சேலை வெளுத்திருமே தம்பி?"

"வெளுக்கும் ஆச்சி."

"வெளுக்கட்டும். வெளுத்தா இன்னொண்ணு மாத்திக்கிறேன். பெட்டி நெறயக் கெடக்கு."